மலைப்பனியும் நாலாக்கரையும்: பின்பனிக்கால முன்னறிவிப்பு தில்லி மதராசி கேம்ப்பை எட்டிய விதம்

2025 பிப்ரவரி 27 மாலை, சண்டிகரில் இயங்கும் பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. உத்தராகண்டின் சமோலி, உத்தரகாசி, ருத்ரபிரயாகை, பித்தோராகட், பாகேஷ்வர் மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளில் அடுத்த 24 மணி நேரத்துக்குப் பனிச்சரிவு அபாயம் உண்டு என்பது அதன் சாரம். மறுநாள் அதிகாலை, பத்ரிநாத்தை அடுத்த மாணா கிராமத்தருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் பணியாளர் முகாம்மீது பனி சரிந்தது. கன்டெய்னர்களிலும் ஒரு கொட்டகையிலும் தங்கியிருந்த 54 தொழிலாளர்கள் சிக்கினார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள். 8 பேர் இறந்தார்கள். சிக்கிய தொழிலாளர்களில் பலர் பிகார், உத்தரப்பிரதேசம், இமாசலம் என்று வெளியூர்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள்.

முன்னறிவிப்பு பொய்க்கவில்லை. மாவட்டம், உயரம், நாள் மூன்றும் சரியாகவே இருந்தன. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் கேட்கப்படும் "வானிலைத் துறை என்ன செய்துகொண்டிருந்தது?" என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. எச்சரிக்கை வந்த இரவில் கன்டெய்னரைக் காலி செய்து கீழே இறங்கலாம் என்று முடிவெடுக்கும் உரிமை, அதில் படுத்திருந்தவரிடம் இருந்ததா என்பதே கேட்க வேண்டியது. வானிலை முன்னறிவிப்பின் மதிப்பு அதன் துல்லியத்தில் மட்டும் இல்லை; அதைக் கேட்பவருக்குத் தம் இடத்தையோ வேலை நேரத்தையோ மாற்றிக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு உண்டோ அவ்வளவுதான் அது பயன்படும் என்பது இக்கட்டுரையின் வாதம். இதை மலையுச்சியில் நிறுவுவது எளிது. நான் எடுத்துக்கொள்வது மலையிலிருந்து தொலைவில், தில்லி ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற வடிகாலின் கரையில் இருந்த தமிழர் குடியிருப்பை. 2025 ஜூன் 1 வரை அதன் பெயர் மதராசி கேம்ப்.

முதலில் இந்தப் பனி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மத்தியதரைக் கடல், கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளில் உருவாகி, ஜெட் காற்றோட்டத்தில் ஏறி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கே வரும் தாழ்வழுத்த அமைப்புகளை நம் வானிலையாளர்கள் 'மேற்கத்திய இடையூறு' என்கிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மாதத்துக்கு நான்கைந்தாவது வரும். இமயத்தின் மேற்குச் சரிவில் மோதி மேலேறும் ஈரக்காற்று உயரத்தில் பனியாகவும் தாழ்வில் மழையாகவும் கொட்டும். கோடை நெருங்க நெருங்க ஜெட் காற்றோட்டம் வடக்கே விலக வேண்டும். அந்த விலகல் தாமதமாவதால் இடையூறுகளின் பருவம் நீள்கிறது என்று ரெடிங் பல்கலைக்கழகத்தின் கீரன் ஹன்ட் 2024இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அதற்காக மாசி, பங்குனி மாதங்களில் பனி ஆண்டுதோறும் தவறாமல் பெய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வலுவான இடையூறுகள் வராமல் போன 2022 மார்ச், 1901க்குப் பின் இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச்சாக இருந்தது. 2025இலோ ஜனவரியில் காஷ்மீரும் இமாசலமும் வறண்டு கிடந்தன. பிப்ரவரிக் கடைசியில் ஒரே வீச்சில் பனி கொட்டியது. மாணாப் பனிச்சரிவு அந்த வீச்சில் நடந்தது.

பின்பனிக்காலத்துப் பனியை முன்கூட்டிச் சொல்வது நடுக்குளிரில் சொல்வதைவிடக் கடினம். ஜனவரியில் உறைநிலை மட்டம் வெகு தாழ்வாக இருக்கும். மார்ச்சில் அது மேலேறி, மக்கள் வாழும் பள்ளத்தாக்குகளுக்கும் கணவாய்களுக்கும் நடுவே ஊசலாடும். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறைகிறது. ஆகவே கணிப்பில் ஒரு டிகிரி பிசகினால் மழைக்கும் பனிக்கும் இடையிலான கோடு ஏறத்தாழ 150 மீட்டர் ஏறும் அல்லது இறங்கும். இமயத்தில் 150 மீட்டர் என்றால் ஒரு கிராமம் நனைவதா, புதைவதா என்ற வேறுபாடு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் உலக மாதிரி 2025 மே வரை 12 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்குப் போட்டது. அம்மாதம் 26ஆம் தேதி தொடங்கப்பட்ட பாரத் முன்னறிவிப்பு அமைப்பு அதை 6 கிலோமீட்டராகச் சுருக்கியிருக்கிறது. அந்த 6 கிலோமீட்டருக்குள்ளும் ஓர் ஆறு, இரண்டு முகடு, நான்கு சரிவு அடங்கிவிடும்.

இன்னொரு சிக்கல் அளவீட்டிலேயே இருக்கிறது. 'ஓரிரு இடங்களில்', 'ஒரு சில இடங்களில்', 'அநேக இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்று தொலைக்காட்சியில் நாம் கேட்டுப் பழகிய சொற்களுக்குப் பின்னால் கறாரான கணக்கு உண்டு. ஒரு வானிலைக் கோட்டத்தில் உள்ள நிலையங்களில் கால் பங்கு வரை பெய்தால் ஓரிரு இடங்கள். முக்கால் பங்கைத் தாண்டினால் பெரும்பாலான இடங்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் இந்தக் கணக்கு நிலத்தை ஓரளவு பிரதிபலிக்கும். இமயத்தில் நிலையங்கள் பெரும்பாலும் சாலையும் மின்சாரமும் எட்டும் பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன. பனியோ அவற்றுக்கு மேலே குவிகிறது. போதாக்குறைக்கு, காற்றடிக்கும்போது மழைமானியின் வாய்க்குள் பனித்துகள் முழுதாக விழுவதும் இல்லை. எனவே 'முன்னறிவிப்பு பலித்தது' என்று சொல்லும்போது, கருவி இருக்கும் இடத்தில் பலித்தது என்றே பொருள்கொள்ள வேண்டும். இது வானிலையாளர்களைக் குறைசொல்வது ஆகாது. கருவியை எங்கே நடுவது என்பது எப்போதும் யாருக்காக அளக்கிறோம் என்பதோடு ஒட்டியே முடிவாகிறது. சாலைக்காகவும் ராணுவத்துக்காகவும் அளந்தோம். 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் நிறுவப்பட்டதற்கும் எல்லைக்காவல்தான் காரணம். சண்டிகர் நிறுவனம் அதன் வாரிசு.

இனி தில்லிக்கு இறங்குவோம். மேற்கத்திய இடையூறு நெருங்கும்போது தில்லியில் காற்று திசை மாறும், மேகம் மூடும், இரவு வெப்பநிலை ஏறும். மலையில் பனி கொட்டும் இரவில் தில்லி பெரும்பாலும் கதகதப்பாகவே இருக்கும். சில தூறல், சில சமயம் இடியும் ஆலங்கட்டியும். அமைப்பு கிழக்கே நகர்ந்து வானம் வெளுத்த பிறகுதான், புதுப்பனி மூடிய மலைகளைத் தடவிக்கொண்டு வடமேற்குக் காற்று இறங்கும். அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். அதாவது மலையில் பெய்யும் பனி தில்லிக்கு இயற்கையே தரும் முன்னெச்சரிக்கை. ஆனால் செய்தியின் கடிகாரம் வேறு. பனி விழும் அன்று குல்மர்க்கிலும் மணாலியிலும் சுற்றுலாப் பயணிகள் பனியுருண்டை எறிந்து விளையாடும் காட்சி எல்லா அலைவரிசையிலும் ஓடும். அடல் சுரங்கப்பாதை மூடப்பட்டதும் தேசிய நெடுஞ்சாலை அடைபட்டதும் சொல்லப்படும். சமவெளிக்குக் குளிர் வந்து சேரும் நாளில் கேமரா வேறு இடத்தில் இருக்கும்.

மார்ச்சில் வரும் இந்தக் குளிருக்கு அதிகாரபூர்வமான பெயரும் கிடையாது. சமவெளி நிலையம் ஒன்றில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரியோ அதற்குக் கீழோ இறங்கி, இயல்பைவிடக் குறைந்தது 4.5 டிகிரி தாழ்ந்திருந்தால்தான் வானிலைத் துறையின் இலக்கணப்படி அது குளிர் அலை; அல்லது 4 டிகிரிக்கே இறங்க வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் 16 டிகிரியிலிருந்து 11 டிகிரிக்குச் சரிந்தால் உடம்புக்கு அது பெரிய வீழ்ச்சி, விதிக்கு ஒன்றுமில்லை. மஞ்சள் அலர்ட்கூட வராது. தில்லி நகர்ப்புறக் குடிசை மேம்பாட்டு வாரியத்தின் குளிர்காலத் திட்டம் நவம்பர் 15இல் தொடங்கி மார்ச் 15இல் முடிகிறது. அது வீடற்றவர்களின் இரவுக் கூடாரங்களுக்கானது, கேம்ப் குடும்பங்களுக்கு நேரடியாகப் பொருந்தியதில்லை. ஆனாலும் குளிர் முடிந்ததாக அரசு எந்த நாளைக் கருதுகிறது என்பதை அந்தத் தேதி காட்டிவிடுகிறது.

மதராசி கேம்ப் வீடுகளில் அந்த வீழ்ச்சி எப்படி இறங்கியது என்பதைக் கூரையிலிருந்து பார்க்க வேண்டும். செங்கல் சுவர், மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ ஒரு ஷீட்டு, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் கற்களும் பழைய டயரும், மழைக்குத் தார்ப்பாய் என்பதுதான் ஜுக்கி எனப்படும் தில்லிக் குடிசைகளின் பொதுவான கட்டுமானம். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் தகர ஷீட்டு வெளிக்காற்றைவிட விரைவாகக் குளிர்கிறது. உள்ளே சமைத்த ஆவியும் நாலாவிலிருந்து எழும் ஈரமும் அதன் அடிப்புறத்தில் படிந்து, விடியற்காலையில் படுத்திருப்பவர்மேல் சொட்டும். ஹோலி நெருங்கியதும் ரஜாய் என்ற கனத்த போர்வையை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றியிருப்பார்கள். ஜங்புரா, நிஜாமுதீன் பங்களாக்களில் பாத்திரம் துலக்கிய பெண்கள் காலையில் குளிர்ந்த நீரில் கைவைத்தாக வேண்டியிருந்தது. பனி பெய்த செய்தி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து மாற்றிக்கொள்ள இருந்தது ஒரு சால்வையின் அளவுதான்.

இங்கே மொழித் தடை என்ற எளிய விளக்கத்தை நான் ஏற்கவில்லை. தமிழில் அறிக்கை கொடுத்தால் போதும் என்று தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கங்களிலிருந்து அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தியைத் தடையில்லாமல் பேசுகிறார்கள்; தமிழை லோதி எஸ்டேட்டிலுள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தார்கள். வானிலைத் துறையின் தலைமையகமான மௌசம் பவனும் அதே லோதி வட்டாரத்தில்தான் இருக்கிறது. கேம்ப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவு. தூரமோ மொழியோ அவர்களை முன்னறிவிப்பிலிருந்து பிரிக்கவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அளவோடு. தில்லிக்குச் சொந்த நீராதாரம் மிகக் குறைவு. யமுனை, கங்கைக் கால்வாய், பக்ரா அமைப்பு மூன்றும் இமயத்தில் தொடங்குகின்றன; பக்ராவை வந்தடையும் சட்லெஜ் நீரில் பாதிக்கு மேல் பனியும் பனியாறுகளும் உருகியது. காட்மாண்டுவில் உள்ள பன்னாட்டு மலைவள மேம்பாட்டு மையம் 2024 நவம்பர் முதல் 2025 மார்ச் வரை இந்துகுஷ் இமயப் பகுதியில் பனி நிலைத்திருந்த அளவு இயல்பைவிட 23.6 விழுக்காடு குறைவு என்றும், 23 ஆண்டுகளில் இதுவே மிகக் குறைவு என்றும் அறிவித்தது. பருவக் கடைசியில் கொட்டும் பனி இந்தக் கணக்கை முழுதாக ஈடுகட்டுவதில்லை. டிசம்பர்ப் பனி அடுக்கடுக்காக இறுகி மே, ஜூன் வரை நிற்கும். நீண்ட பகலும் ஏறிய வெயிலும் உள்ள மார்ச்சில் விழுந்தது விரைவிலேயே உருகி ஓடிவிடும். அதே நேரம், 'மலையில் பனி குறைந்தால் கேம்ப்புக் குழாயில் தண்ணீர் வராது' என்று நேர்கோடு இழுப்பது ஆய்வுக்கு அழகல்ல. நடுவில் ஹத்னிகுண்ட் தடுப்பணை இருக்கிறது, ஐந்து மாநிலங்கள் 1994 மே 12இல் கையெழுத்திட்ட யமுனை ஒப்பந்தம் இருக்கிறது, கசியும் குழாய்கள் இருக்கின்றன. 2024 ஜூன் மாதத் தட்டுப்பாட்டில் இமாசலத்திடமிருந்து தில்லிக்கு வினாடிக்கு 137 கனஅடி நீர் திறந்துவிடுவது பற்றி உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. பனியைக் கணிக்கும் மாதிரிகள் எவ்வளவு மேம்பட்டாலும் அந்த வழக்கைக் கணித்திருக்க முடியாது.

ஆக, பின்பனிக்காலக் குளிரைப் பொறுத்தவரை மதராசி கேம்ப் அரசின் பார்வையில் இருந்ததில்லை. இதற்கு ஒரு மறுப்பு எழும்: ஐந்து டிகிரி வீழ்ச்சிக்கு அரசு என்ன செய்ய முடியும், வானிலையை வைத்து ஒவ்வொரு குடிசைக்கும் நடவடிக்கை எடுப்பது நடைமுறையில் இயலுமா? இயலும் என்பதற்கு அதே கேம்ப்பின் வரலாறே சான்று. ஒருமுறை வானிலையை முன்னிட்டு அரசு எந்திரம் முழு வேகத்தில் இயங்கியது.

2024 ஜூன் 28 அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங் நிலையம் 228.1 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. 1936க்குப் பின் ஜூன் மாதத்தில் ஒரே நாளில் தில்லி கண்ட அதிகபட்ச மழை. தென் தில்லியின் பல பகுதிகள் மூழ்கின. பாராபுல்லா நாலா அடைபட்டதும், அதன் கரையிலுள்ள குடிசைகள் தூர்வாரத் தடையாக இருப்பதும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வாதமாயின. 2025 ஏப்ரல் 15இல் வானிலைத் துறை வெளியிட்ட நீண்டகால முன்னறிவிப்பு, அவ்வாண்டுப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 105 விழுக்காடு இருக்கும் என்றது. மே 9இல் நீதிமன்றம் ஆணையிட்டது: பருவமழைக்கு முன் நாலா தூர்வாரப்பட வேண்டும், ஜூன் 1 முதல் கேம்ப் அகற்றப்படலாம். நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்ட கணக்கின்படி 370 குடிசைகளில் 189 மட்டுமே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை. குறித்த நாளில் இயந்திரங்கள் வந்தன. விரும்புவோர் ஊர் திரும்ப உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

நாலாவைத் தூர்வார வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மழைநாளில் முதலில் மூழ்கியவையும் அந்தக் கரைவீடுகள்தான். என் வாதத்துக்கு வேண்டியது வேறு. நான்கு மாதக் கணிப்பு, மூன்று வாரக் கெடு, தேதி, இயந்திரம், போலீஸ், மாற்றிடப் பட்டியல் என எல்லாம் ஒன்றுசேர்ந்தன. வானிலையை அடிப்படையாகக் கொண்டு ஒரு குடியிருப்பின் வாழ்க்கையை மாற்ற அரசால் முடிகிறது. ஆனால் முன்னறிவிப்பின் பயனாளர் யார் என்பதில் சந்தேகமில்லை: நாலாவின் மேற்பகுதியில் வீடு வைத்திருப்பவர்கள். மாணாவில் எச்சரிக்கை சாலைத் திட்டத்துக்கு உரியதாக இருந்தது, கன்டெய்னரில் படுத்தவருக்கு உரியதாக ஆகவில்லை. ஜங்புராவில் பருவமழைக் கணிப்பு வடிகாலுக்கு உரியதாக இருந்தது. இரண்டிலும் உடலால் வானிலையைச் சந்திப்பவர் முன்னறிவிப்பின் பொருளாக வருகிறார், அதன் முகவரியாக வருவதில்லை.

இந்த ஒப்பீட்டை மிகைப்படுத்தக் கூடாது. மாணாவில் நடந்தது உயிரிழப்பு. ஜங்புராவில் நடந்தது வெளியேற்றம். முதலாவதில் அலட்சியம் இருந்ததா என்பது விசாரணைக்குரியது. இரண்டாவது முறைப்படி ஆணையிடப்பட்ட செயல். எனினும் வானிலை ஆய்வுகளில் இன்று பெரிதாகப் பேசப்படும் 'தாக்கம் சார்ந்த முன்னறிவிப்பு' என்ற கருத்தைச் சோதிக்க இவ்விரண்டும் நல்ல உரைகல். எவ்வளவு பனி என்பதோடு நிற்காமல் அந்தப் பனி என்ன செய்யும் என்றும் சொல்வதே அதன் நோக்கம். வானிலைத் துறையின் அறிக்கைகளில் இப்போது சாலை வழுக்கும், பார்வைத் தெளிவு குறையும், தோட்டப்பயிர் சேதமடையும், மின்கம்பி அறுந்து விழும் என்ற வரிகள் வருகின்றன. பொருள்களுக்கு ஏற்படும் தாக்கம் எழுதப்படுகிறது. தகர ஷீட்டுக்குக் கீழே இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால், அதைச் செய்ய அவருக்கு யார் உதவ வேண்டும் என்பதையும் எழுதியாக வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது வரி வானிலைத் துறையின் கையில் இல்லை.

துறையின் கையில் இருப்பது ஒன்று உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையிலான பருவத்துக்கு அது 'வட இந்தியா' என்று வெளியிடும் மழைக் கணிப்பில் காஷ்மீர், இமாசலம், உத்தராகண்டோடு பஞ்சாப், ஹரியானா, தில்லி, உத்தரப்பிரதேசமும் ஒரே அலகாகச் சேர்கின்றன. மலையின் பனியும் சமவெளியின் மழையும் ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன. பனி தனியாக, எந்த உயரத்துக்கு மேல் என்று பிரித்துத் தரப்பட்டு, இடையூறு கடந்தபின் சமவெளியில் எத்தனை டிகிரி வீழ்ச்சி என்பதும் அதே அறிக்கையில் தொடர்ந்தால், மேலேயும் கீழேயும் ஒரே நிகழ்வு என்பது படிப்பவருக்குப் புலப்படும். இதற்கான அறிவு துறைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நாள்தோறும் தில்லியின் குறைந்தபட்ச வெப்பநிலையைக் கணிப்பவர்கள் மலைப்பனியைப் பார்த்துத்தான் கணிக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, தில்லியில் எந்த இடத்தின் வெப்பநிலை என்பது. ஊடகங்களில் தில்லி வெப்பநிலை என்று வருவது சப்தர்ஜங் நிலையத்தின் எண். மதராசி கேம்ப் அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நகரின் கான்கிரீட் வெப்பத்தில் அதுவும் பங்கு பெற்றது. மாற்று வீடு பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த நரேலா, சாலைவழி 40 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில், ஹரியானா எல்லையை ஒட்டி, வயல்களும் காலிமனைகளும் சூழ்ந்த இடம். அங்கே வானிலை இரு முனைகளிலும் கடுமை. 2024 மே 28இல் சப்தர்ஜங் 45.8 டிகிரி காட்டியபோது நரேலாவின் தானியங்கி நிலையம் 49.9 டிகிரி பதிவு செய்ததாக அறிவிக்கப்பட்டது. நகர மையத்தில் இரவில் தங்கும் வெப்பம் திறந்த வெளியில் தங்காது என்பதால் குளிர்கால இரவுகளில் வேறுபாடு எதிர்த்திசையில் வரும். வடமேற்குக் காற்று தில்லிக்குள் நுழையும் வாசலும் அந்தப் பக்கம்தான். அங்கே குடியேறியவர்களுக்கு சப்தர்ஜங் எண் வேறு ஊரின் செய்தி.

இவற்றைச் சரிசெய்யப் புதிய செயற்கைக்கோள் வேண்டாம். குளிர்காலத் திட்டத்தில் 'மார்ச் 15' என்ற தேதி இருக்கும் இடத்தில் மேற்கத்திய இடையூறு பற்றிய அறிவிப்பையும் நரேலா போன்ற புறநகர் நிலையங்களின் இரவு வெப்பநிலையையும் எழுதலாம். நரேலா வீடுகளைப் பொறுத்தவரை இது ஒரு சுற்றறிக்கையில் முடியும் வேலை. பட்டியலில் இடம்பெறாமல் வாடகை அறைகளுக்கும் வேறு குடிசைப் பகுதிகளுக்கும் போனவர்களை எந்த நிலையத்தோடு இணைப்பது என்று கேட்டால் அதற்கு வானிலைத் துறை பதில் சொல்ல முடியாது. அவர்களைத் தகுதியற்றவர்கள் என்று பட்டியலிலிருந்து எடுத்த குடிசை மேம்பாட்டு வாரியம்தான் சொல்ல வேண்டும்.